உண்டியலா, மரமா, அட்டையா? நன்றி சொல்லப் பழக்கும் கைவேலைகளில் எது உங்கள் வீட்டுக்கு?

அரையாண்டு லீவு விட்ட மூன்றாம் நாளே "போரடிக்குது" தொடங்கிவிடும். போனைக் கையில் கொடுத்துத் தப்பிக்க மனம் வராதவர்கள் ஏதாவது கிராஃப்ட் தேடுவார்கள். அடுத்து பொங்கல் வேறு வருகிறது. சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் திருநாள் என்று பரீட்சையில் பத்து வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளை, சுடச்சுடத் தோசை வார்த்துக் கொண்டுவரும் பாட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சட்னி காரம்" என்று தட்டைத் தள்ளுகிறது. சரி, இந்த லீவில் நன்றி சொல்லப் பழக்கும் கைவேலை ஒன்றைச் செய்துபார்க்கலாம் என்று முடிவெடுக்கிறோம். இணையத்தில் தேடினால் நூறு வரும். எல்லாவற்றையும் வடிகட்டினால் மிஞ்சுவது ஐந்து வகைதான்: சீட்டு எழுதிப் போடும் உண்டியல், சுவரில் ஒட்டும் நன்றி மரம், பண்டிகையோடு சேர்ந்து வரும் வேலைகள், கையால் செய்த அட்டை, ஒருவருக்குப் பயன்படும்படி செய்து கொடுக்கும் பொருள்.

ஐந்தையும் சொந்தக்காரப் பிள்ளைகளோடும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளோடும் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்தும் ஒன்றல்ல. எது பார்க்க அழகாக இருக்கிறது, எது சீக்கிரம் முடிகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் மரம்தான் ஜெயிக்கும். நான் வைக்கும் அளவுகோல் வேறு.

எதை வைத்து அளப்பது?

1938இல் ஸ்விட்சர்லாந்தில் ஃபிரான்சிஸ்கா பவும்கார்டன்-டிரேமர் என்ற உளவியலாளர் 7 முதல் 15 வயது வரையுள்ள 1,059 பிள்ளைகளின் பதில்களை ஆராய்ந்தார். கேள்வி எளிதானது. உன் பெரிய ஆசை எது? அதை நிறைவேற்றித் தருபவருக்கு நீ என்ன செய்வாய்? சிலர் வாயால் நன்றி சொல்வோம் என்றார்கள். சிலர் தங்களுக்குப் பிடித்த பொருளைத் தூக்கிக் கொடுப்போம் என்றார்கள். இன்னும் சிலர், அந்த மனிதருக்கு என்ன தேவை என்று யோசித்து அதைச் செய்வோம் என்றார்கள். இரண்டாவது பதில் சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். வளர வளர அது குறைந்து மூன்றாவது கூடுகிறது. ஐந்து வயதுப் பையன் தாத்தாவுக்குத் தன் டைனோசர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறான் என்றால் அவன் வயதுக்கு அது முழுமையான நன்றிதான். பன்னிரண்டு வயதில் "தாத்தாவுக்கு எழுத்துப் பெரிசா இருந்தாதான் தெரியும்" என்று யோசிக்கிறாளா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று அமெரிக்காவிலிருந்து. ஜெஃப்ரி ஃப்ரோ என்ற உளவியலாளரும் குழுவினரும் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மூன்று விஷயங்களை யோசிக்கப் பழக்கினார்கள். ஒருவர் நமக்கு உதவும்போது, அதை வேண்டுமென்றே நமக்காகச் செய்தாரா, அதற்காக அவர் எதை இழந்தார், நமக்கு அதனால் என்ன நன்மை. 2014இல் வெளியான அந்த ஆய்வில், இப்படிப் பழகிய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக நன்றிக் குறிப்புகளை எழுதினார்கள்.

எனக்கு இந்த மூன்று கேள்வியும் பிடித்திருக்கிறது. வேன் ஓட்டும் அண்ணன் மழையில் இறங்கி, குடை பிடித்து, ஒவ்வொரு பிள்ளையையும் கேட் வரை கொண்டுவிடுகிறார். அது அவருடைய சம்பளத்தில் சேர்ந்த வேலையா? அவர் சட்டை நனைந்ததா? நீ நனையாமல் வந்தாயா? இதையெல்லாம் பிள்ளையின் மனசில் எந்தக் கைவேலை ஓடவைக்கிறதோ அதற்கு மதிப்பெண். பசை, மினுமினுப்பு, கலர் பேப்பர் எல்லாம் அப்புறம்தான்.

நன்றி உண்டியல்

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குக் கலர் பேப்பர் சுற்றி, மூடியில் ஒரு வெட்டு. தினமும் ஒரு சீட்டில் "இன்று நான் நன்றி சொல்வது" என்று எழுதிப் போட வேண்டும். வருஷக் கடைசியில் கொட்டிப் படிக்கலாம். செலவில்லை, அரை மணி நேர வேலை.

பலன் இல்லாமல் இல்லை. ஃப்ரோவின் குழு 2008இல் 11 வகுப்பறைகளில் 221 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு வாரம் தினமும் நன்றிப் பட்டியல் எழுதியவர்களுக்குப் பள்ளியின் மேலிருந்த திருப்தி மற்றவர்களைவிடக் கூடியது. ஆக, எழுதும் வயது வந்த பிள்ளைக்கு இது ஒன்றும் வீண் வேலை இல்லை.

ஆனால் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். முதல் வாரம் சீட்டு சுவாரசியமாக இருக்கும். "மைதிலி எனக்கு அவ லஞ்ச்ல இருந்து உருளைக்கிழங்கு குடுத்தா." இரண்டாம் வாரம் "அம்மா, அப்பா, சாப்பாடு". மூன்றாம் வாரத்தில் அதே மூன்று வார்த்தை, கையெழுத்து மட்டும் கோணலாகிக்கொண்டே போகும். வீட்டுப்பாடத்தில் இன்னொரு பாடம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கலிபோர்னியாவில் சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் ஆறு வாரம் செய்த ஆய்விலும், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. எனவே உண்டியல்தான் என்று முடிவு செய்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும். ஒரே ஒரு சீட்டு, ஒரே ஒரு ஆள், அவர் செய்த ஒரே ஒரு காரியம். பெரியவர்களும் எழுத வேண்டும். அப்பா எழுதாத உண்டியல் ஒரு மாதம் தாண்டுவதை நான் பார்த்ததில்லை.

உண்டியலின் பெரிய குறை வேறு. சீட்டு உள்ளேயே கிடக்கிறது. உருளைக்கிழங்கு கொடுத்த மைதிலிக்குத் தன் பெயர் ஒரு பாட்டிலுக்குள் இருப்பது தெரியாது.

ஒரு வகைப் பிள்ளைக்கு மட்டும் இது மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தம்: பேசத் தயங்குகிற, எல்லோர் முன்னாலும் பாசத்தைக் காட்ட வெட்கப்படுகிற பதிமூன்று, பதினான்கு வயது. அட்டை செய் என்றால் ஓடிவிடும். பாட்டிலில் போடும் சீட்டை யாரும் உடனே படிக்கப்போவதில்லை என்றால் எழுதும்.

நன்றி மரம்

அமெரிக்காவில் நவம்பரிலும் கனடாவில் அக்டோபரிலும் வரும் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாளை ஒட்டி வீட்டுக்கு வீடு இது முளைக்கும். ஒரு காய்ந்த கிளையை ஜாடியில் நட்டு, காகித இலைகளில் நன்றி எழுதித் தொங்கவிடுவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பள்ளியில் செய்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அங்கே குடும்பம் கூடும் விருந்து நாளோடு சேர்ந்திருப்பதால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. இங்கே அது சார்ட் பேப்பரில் பிரவுன் கலர் தண்டாக, ஹால் சுவரில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகூட உள்ளங்கையைப் பெயிண்டில் முக்கி இலை பதிக்கலாம். பெரியப்பா, சித்தி வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடும் நாளில் எல்லோரையும் ஒரே வேலையில் உட்காரவைக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. வாடகை வீட்டில் சுவரில் டேப் ஒட்டினால் பெயிண்ட் உரியும், அதனால் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். ஃபேன் காற்றுக்கு ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டிய இலைகள் படபடத்து விழும். முழுசாகப் பசை தடவ வேண்டும்.

ஆனால் மரம் சீக்கிரமே பார்வைக்கான பொருளாகிவிடுகிறது. வந்தவர்கள் "எவ்ளோ அழகா இருக்கு" என்பார்கள், அம்மா ஸ்டேட்டஸில் போடுவார், பிள்ளைக்குப் பாராட்டு கிடைக்கும். நன்றி யாருக்கு என்று இலையில் எழுதியிருக்கிறதோ அந்த ஆள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. மூன்று கேள்வியில் ஒன்றுகூடப் பிள்ளையின் மனசில் ஓடாமலே ஒரு முழு மரத்தைச் செய்து முடித்துவிடலாம். மரத்துக்கு நான் கொடுப்பது குறைந்த மதிப்பெண்தான். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன்.

பண்டிகை வேலைகள்

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்பவர்களுக்கு இது. ஆயுத பூசைக்குச் சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற பிள்ளை, தான் தினமும் மிதித்துத் தள்ளுகிற ஒரு பொருளை வருஷத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்கிறது. தையல் மிஷின், அருவாமனை, மிக்ஸி, அப்பாவின் ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது "இது எப்போ வாங்கினது?" என்று கேட்கும். கதை அங்கே தொடங்குகிறது.

மாட்டுப் பொங்கலுக்கு மாடு இருக்கும் வீட்டில் வேறெந்தக் கைவேலையும் தேவையில்லை. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, குளிப்பாட்டல் என்று அன்றைக்குப் பிள்ளைக்கு உட்கார நேரமிருக்காது. காவிரி டெல்டாப் பக்கம் நெட்டி மாலை கிடைக்கும். ஏரி குளங்களில் வளரும் நெட்டித் தண்டைச் சீவி, நறுக்கி, சாயம் ஏற்றிக் கோத்தது. அந்த நெட்டியிலேயே கோயில் கோபுர மாதிரிகள் செய்யும் தஞ்சாவூர்க் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாடே பார்க்காத நகரத்துப் பிள்ளையைத் தெர்மகோலில் மாடு செய்யச் சொல்வதைவிட, காலையில் பால் கொண்டுவருகிறவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று கேட்டு வரச்சொல்லலாம்.

பண்டிகை வேலையின் பலம், வீடு முழுக்கச் சேர்ந்து செய்வது. யாரும் பாடம் நடத்துவதாகத் தோன்றாது. பலவீனமும் தெரிந்ததுதான்: வருஷத்துக்கு ஒரு நாள். பொரிகடலை தீர்ந்ததும் முடிந்துவிடும். நன்றி பொருளுக்கும் மாட்டுக்கும் போகிறதே தவிர, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய கடைக்காரருக்குப் போவதில்லை. அதனால் இதை அடுத்து வரும் இரண்டில் ஒன்றோடு சேர்க்க வேண்டும்.

கையால் செய்த அட்டை

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் பெட்டிக்கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வாழ்த்து அட்டைகளில் யாருக்கு எது என்று மணிக்கணக்கில் நின்று தேர்ந்தெடுத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. செல்போன் வந்து அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. இப்போது ஃபார்வர்டு செய்த கரும்புப் படம் ஐம்பது வருகிறது, ஒன்றையும் யாரும் திறப்பதில்லை.

அட்டைக்குக் கடைக்கே போக வேண்டாம். வீட்டு அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருக்கும். கெட்டியான நல்ல காகிதம், உள்பக்கத்தில் வெறுமையாக ஒரு பக்கமாவது இருக்கும். மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் வளைவாக வெட்டிவிட்டால் அதுவே ஓர் அழகு. பளபளப்பான பக்கத்தில் வர்ணம் ஒட்டாது, சொரசொரப்பான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உறைக்கு மாதக் காலண்டரின் கிழித்த தாள் போதும்.

படம் வரைய வராது என்று அழும் பிள்ளைக்கு வெண்டைக்காய். காம்புப் பக்கம் ஓர் அங்குலம் விட்டுக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறையோடு பூப்போல இருக்கும். பழைய துணியை நாலாக மடித்து ஒரு தட்டில் போட்டு, கெட்டியாகப் போஸ்டர் கலரை அதில் ஊற்றி, வெண்டைக்காயை ஒருமுறை ஒற்றி அட்டையில் வைத்து எடுத்தால் ஒரு பூ. முதல் பூவில் வர்ணம் அப்பியிருக்கும், இரண்டாவது மூன்றாவதுதான் கோடு கோடாகத் தெளிவாக விழும். அதனால் பழைய செய்தித்தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு அட்டைக்கு வரச் சொல்லுங்கள். கொஞ்சம் முற்றின காயாக இருந்தால் நல்லது, பிஞ்சு அமுங்கிவிடும். குழம்புக்கு ஆகாத காய்க்கு இப்படி ஒரு கதி.

பூ காயும் வரையில்தான் உண்மையான வேலை நடக்கிறது. யாருக்கு இந்த அட்டை? "மிஸ்ஸுக்கு." சரி, மிஸ் என்ன செய்தார்? "நல்லா சொல்லிக் கொடுத்தாங்க." இங்கே நிறுத்திவிடக் கூடாது. எந்த நாள்? என்ன பாடம்? ஒரு பையன் இப்படிக் கேட்கக் கேட்க, வகுத்தல் கணக்கு வராமல் மூன்று நாள் அழுததையும், மிஸ் சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவை மூடி வைத்துவிட்டு மறுபடி சொல்லிக்கொடுத்ததையும் சொன்னான். அட்டையில் கடைசியில் எழுதியது இரண்டு வரிதான்: "மிஸ், நீங்க அன்னைக்கு சாப்பிடாம எனக்கு வகுத்தல் சொல்லிக் குடுத்தீங்க. இப்போ எனக்கு வருது." அந்தப் பையன் மூன்று கேள்விக்கும் தானாகவே பதில் எழுதிவிட்டான், யாரும் அதைப் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை.

அப்பா அம்மாவுக்கு நன்றி சொல்வது நம் வீடுகளில் வழக்கமில்லை. சொன்னால் "நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்" என்று தலையில் தட்டுவார்கள். சொன்னவனுக்கும் கூச்சம், கேட்டவருக்கும் கூச்சம். அட்டை அந்தக் கூச்சத்தைத் தாண்டிவிடுகிறது. சாப்பாட்டு மேசையிலோ தலையணைக்கு அடியிலோ வைத்துவிட்டு ஓடிவிடலாம். கூச்சத்தைப் பற்றி ஒரு தகவல்: அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்த அளவு உண்மையில் இல்லை, பெற்றவர்களின் மகிழ்ச்சியோ அவர்கள் நினைத்ததைவிட அதிகம். பெரியவர்களிடம் செய்த ஆய்வுதான். ஆனால் அட்டையைக் கொடுக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றும் எட்டு வயதுக்கும் அதே தயக்கம்தான்.

அட்டையின் குறைகள்? ஒன்று, மூன்று நான்கு வயதுக்கு எழுத வராது. அவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதினால் நம் வார்த்தை நுழைந்துவிடும். "தாத்தா நீ பலூன் ஊதினே, கன்னம் பெரிசாச்சு" என்று சொன்னால் அப்படியேதான் எழுத வேண்டும். இரண்டு, ஒரே நாளில் பத்து அட்டை என்று தொழிற்சாலை வைத்தால் பத்திலும் ஒரே வாசகம் வரும். லீவு முழுக்க இரண்டு மூன்று அட்டை போதும்.

பயன்படும் பொருள்

இது அட்டையைவிட ஒரு படி மேலே, வேலையும் ஒரு படி அதிகம். அவருக்கு என்ன தேவை என்று யோசிக்காமல் இதைத் தொடங்கவே முடியாது. பவும்கார்டன்-டிரேமர் சொன்ன மூன்றாவது வகை நன்றிக்கு நேரான பயிற்சி என்றால் இதுதான். பத்து வயதுக்கு மேலே என்றால் துணிந்து இறங்கலாம்.

இரண்டு பொருளைச் சொல்கிறேன். முதலாவது, பாட்டிக்கு மாத்திரைப் பெட்டி. ஏழு காலித் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெவிகால் போட்டு ஒட்டி, சுற்றிலும் பழைய பட்டுத்துணியோ கிஃப்ட் பேப்பரோ சுற்ற வேண்டும். உள்தட்டு ஒவ்வொன்றின் முகப்பிலும் ஊசியால் துளை போட்டு ஒரு சட்டைப் பட்டனைக் கோத்து முடிச்சுப் போட்டால் இழுக்கப் பிடி வந்துவிடும். ஞாயிறு முதல் சனி வரை பெயர் எழுத வேண்டும், பெரிய எழுத்தில். இங்கேதான் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கிறது. பாட்டி கண்ணாடி போடாமல் படிக்க முடியுமா? விரல் வலிக்கும் பாட்டிக்குச் சின்னப் பட்டன் சரிவருமா? காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை இரண்டு இருந்தால் பதினாலு பெட்டி வேண்டாமா? மாத்திரையைப் பட்டையிலிருந்து பிரிக்காமல், ஒவ்வொன்றாகப் பட்டையோடு வெட்டிப் பெரியவர்கள்தான் போட வேண்டும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் பெட்டி மேல் தட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, துணிப்பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று பழைய பையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் பை கொடுத்தால் வேண்டாம் என்பவர் இல்லை. எளிய வழி அப்பாவின் பழைய பேன்ட். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டினால் ஏற்கெனவே குழாய்போல இருக்கும், வெட்டிய பக்கத்தை மட்டும் உள்புறமாகத் திருப்பித் தைத்தால் அடி வந்துவிடும். மடித்துத் தைத்த கீழ்விளிம்பு பையின் வாய். பழைய புடவைக் கரையில் இரண்டு துண்டு, பிடி. கண் பெரிய ஊசி, இரட்டை நூல், ஓட்டுத் தையல். பிள்ளை போட்ட தையல் கோணலாகத்தான் போகும். அடியை மட்டும் பெரியவர்கள் இன்னொரு வரிசை தைத்துவிடுங்கள், தக்காளி கொட்டிவிடக் கூடாது. தெருவில் பூ விற்கும் அக்கா சில்லறையைப் போட்டு வைக்க, வாட்ச்மேன் தாத்தா டிபன் டப்பா கொண்டுவர என்று யாருக்கு என்ன அளவு என்பதைப் பிள்ளையே போய்ப் பார்த்து வரட்டும். டப்பாவை ஸ்கேல் வைத்து அளந்து வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

குறை, நேரம். ஒரு சாயங்காலத்தில் முடியாது, பாதியில் விட்டுவிடும் ஆபத்து அதிகம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இரண்டு மூன்று ஞாயிறு வேண்டும். முடியாது என்று தெரிந்தால் தொடங்க வேண்டாம், அட்டையே போதும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவைச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு அட்டையோ பையோ கொடுத்தோம் என்பதற்காகத் தீபாவளிக் காசைக் குறைக்கக் கூடாது. அவர் பையை வாங்கும் நேரத்தில் போனை நீட்டிப் போட்டோ எடுப்பதும் வேண்டாம். எடுத்தால் அது நம் வீட்டு விளம்பரம்.

எந்த வீட்டுக்கு எது?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் மரம் செய்யுங்கள், ஆனால் ஒவ்வோர் இலையையும் அதில் பெயர் உள்ளவரிடமே நேரில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மரம் மொட்டையானால் நல்லதுதான். ஆறு முதல் பத்து வரை அட்டை. பத்துக்கு மேல், ஊசி பிடிக்கும் பொறுமை இருந்தால் பை அல்லது பெட்டி. பேசாத வளர்ந்த பிள்ளைக்கு ஞாயிறு உண்டியல். வீட்டில் ஐந்து வயதும் பதினொன்றும் இருந்தால் இரண்டு தனி வேலை வேண்டாம்: பெரியது பை தைக்கட்டும், சின்னது அதன்மேல் வெண்டைக்காய்ப் பூ போடட்டும். போஸ்டர் கலர் தண்ணீரில் போய்விடும், துணிக்கென்று விற்கும் அக்ரிலிக் கலர் ஒரு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கெடுக்கக்கூடியவை சில உண்டு. பரிசு வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லிச் சில பிள்ளைகளை வரையச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் குறைவாக வரைந்தார்கள். அட்டை செய்தால் ஐஸ்கிரீம் என்றால் அட்டை ஐஸ்கிரீமுக்கான கூலியாகிவிடும். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், "நண்றி" என்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கோணலாக ஒட்டியதைப் பிரித்து நாமே ஒட்டுவதும் வேண்டாம். அப்புறம், "உனக்கு எவ்வளவு கிடைச்சிருக்கு, அந்தப் பிள்ளையைப் பாரு, அதுக்கு ஒண்ணுமே இல்ல" என்ற வசனம். அது பிள்ளையின் வாயை அடைக்கும், நன்றியை வரவழைக்காது.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு என்றால் தபாலில் அனுப்புவதையே நான் விரும்புவேன். 1879இல் இந்தியாவில் அஞ்சலட்டை வந்தபோது விலை காலணா. பல ஆண்டுகளாக 50 காசிலேயே நிற்கிறது. முகவரியைப் பிள்ளையே எழுதட்டும், ஆறு இலக்கப் பின்கோடு உட்பட. வெண்டைக்காய்ப் பூ முழுக்கக் காயாமல் போட்டால் வழியில் முகவரிமேல் அப்பிவிடும், ஓர் இரவு காயவையுங்கள். கிராமத்துத் தபால் மெதுவாகத்தான் போகும். போகிக்கு முன்னால் சேர வேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.